வாரம் ஒரு மணி நேரம் போதாதவர்களுக்கு

உளவியல் சிகிச்சை என்றால் வாரம் ஒரு நாள், ஐம்பது நிமிடம். எங்கள் துறையில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் அப்படித்தான் பழகினேன். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்து, "மீதியை அடுத்த செவ்வாய்க்கிழமை பாப்போம்" என்று எழுந்து நின்ற மாலைகள் நிறைய உண்டு. இன்று என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாராருக்கு அந்த முறையை நான் வைத்துக்கொள்வதில்லை. மூன்று நான்கு மாதங்களுக்குப் பரப்பிவைக்கும் அதே மணி நேரங்களை நான்கைந்து நாட்களுக்குள் நெருக்கி வைக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை ஒரே ஆளுடன் இருக்கிறேன்.

மதுரையில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் மதுரைக்காரர்கள் அல்ல. பரமக்குடி, சாயல்குடி, கம்பம், ராஜபாளையம் என்று விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்காக ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து போகும். இரண்டு வாரம் வருவார்கள், மூன்றாவது வாரம் தொலைபேசியில் ஏதோ காரணம் சொல்வார்கள், அப்புறம் காணாமல் போவார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பஸ்ஸும் கூலியும் சேர்ந்து அந்த அக்கறையைத் தின்றுவிடுவதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் தூரம் மட்டும் காரணமல்ல. தெப்பக்குளத்தில் வீடு, நடந்தே வந்துவிடலாம் என்கிறவர்களிடமும் சில நோய்கள் வார சிகிச்சைக்கு மசிவதில்லை. அதில் முதலாவது ஓ.சி.டி. எனப்படும் எண்ண சுழற்சி நோய்.

வேண்டாத ஒரு நினைப்பு உள்ளே நுழைகிறது. கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, கேஸ் வால்வை மூடவில்லை, சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை மனதில் வந்துவிட்டது என்று ஏதோ ஒன்று. அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல்: கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மன்னிப்புக் கேட்டு மறுபடி முதலிலிருந்து கும்பிடுவது. செய்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி. 'கழுவியதால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கழுவச் சொல்கிறது.

இதற்கான பேச்சுவழிச் சிகிச்சையில் பேச்சு குறைவு. பயப்படுகிற பொருளை நேரே தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும், நிற்கும், ஏதோ ஒரு கட்டத்தில் அதன் பிடி தளரும். எதிர்பார்த்த கேடு வரவில்லை என்பதையும், பதற்றத்தைத் தன்னால் தாங்க முடிகிறது என்பதையும் உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். அறிவுக்கு இது ஏற்கெனவே தெரியும். அறிவுக்குத் தெரிந்து பயனில்லை என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

இப்போது வாரக் கணக்கைப் பாருங்கள். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். அதில் ஒன்று என்னுடையது. நோய் முற்றிய ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் கழுவுகிறார். என் அறையில் அவர் செருப்பைத் தொட்டு, பதற்றம் உச்சிக்கு ஏறும் நேரத்தில் ஐம்பது நிமிடம் முடிகிறது. அவர் நேரே வாஷ்பேசினுக்குப் போகிறார். அன்று அவர் கற்றுக்கொள்வது, தொட்டால் பதற்றம் வரும், கழுவினால் போகும் என்ற பழைய பாடத்தைத்தான். சோறு பாதி வெந்ததும் இறக்கிவைத்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி அடுப்பில் ஏற்றுவது போன்ற வேலை இது.

இந்தச் சிகிச்சை பிறந்ததே நெருக்கமான வடிவில்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1966ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களை மருத்துவமனையில் சேர்த்து, செவிலியர்களை நாள் முழுக்கக் கூடவே இருக்க வைத்தார். ஓயாமல் கழுவும் நோயாளியின் அறையில் தண்ணீர்க் குழாயையே அடைத்துவிட்டார்கள். அன்றுவரை எதற்கும் அசையாத நோய் என்று கைவிடப்பட்டிருந்த ஓ.சி.டி. அசைந்தது. பிறகு அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் எட்னா ஃபோவா அதை மூன்று வாரங்கள், வார நாட்களில் தினமும் என்று ஒழுங்குபடுத்தினார். வாரம் ஒருமுறை என்பது பின்னால் கிளினிக்குகளின் வசதிக்காக வந்து ஒட்டிக்கொண்டது. ஃப்ராய்டுகூட ஞாயிறும் விடுமுறை நாளும் போக தினமும்தான் தன் நோயாளிகளைப் பார்த்தார்.

நார்வேயின் பெர்கன் நகரில், ஹவுகெலாண்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ஜெர்ட் க்வாலே, பியார்னே ஹான்சன் இருவரும் இந்தச் சிகிச்சையை நான்கு நாட்களாகச் சுருக்கினார்கள். மூன்று முதல் ஆறு நோயாளிகள் கொண்ட குழு. நோயாளிகள் எத்தனை பேரோ அத்தனை சிகிச்சையாளர்கள். முதல் நாள் நோயைப் புரிந்துகொள்வது. இரண்டாம், மூன்றாம் நாட்கள் காலையிலிருந்து மாலைவரை பயத்தை நேருக்கு நேர் சந்திப்பது. நான்காம் நாள் இனி வீட்டில் எப்படி நடப்பது என்ற திட்டம். குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம். நான்கு வருடம் கழித்தும் தேடிப்போய்ச் சோதித்து, பெரும்பாலோரிடம் பலன் நிலைத்திருந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது என்னை ஈர்த்தது வேகம் அல்ல. நாள் முழுக்கக் கூட இருக்கும் அந்த உறுதி. பதற்றம் வரும்போது நான் கிளம்பிப் போகமாட்டேன் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் குணசீலம் இருக்கிறது. மனநலம் குன்றியவர்களைக் கூட்டிவந்து 48 நாள், ஒரு மண்டலம், குடும்பத்தோடு தங்குகிற வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு. மனநோய்க்குக் கோயிலே போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'தங்கிப் பார்ப்பது' என்பதை நம் மக்கள் புரிந்துகொள்கிறார்கள். பிழைப்பை விட்டுவிட்டு மொத்தமாக நான்கு நாள் ஒதுக்கச் சொன்னால் எப்படியாவது ஒதுக்குவார்கள். பதினாறு செவ்வாய்க்கிழமைகளை ஒதுக்கச் சொன்னால் முடியாது. மருத்துவத்திலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் தொடக்க காலத்திலிருந்தே உறவினரைக் கூடத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி. முற்றியவர்களை உள்நோயாளிகளாக வைத்து ஏறக்குறைய தினமும் அமர்வு நடத்துவதைப் பயிற்சிக் காலத்தில் பார்த்தேன். வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கிய பிறகுதான் செவ்வாய்க்கிழமைகள் வந்தன.

ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அவரிடம் அனுமதி கேட்டு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். பெயர் மலர் என்று வைத்துக்கொள்வோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஒரு ஊர். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். மலருக்கு வெறிநாய்க்கடி நோய் பற்றிய பயம். நாய் கடிக்கவில்லை, கீறவில்லை. தெருவில் நாய் நடந்திருக்கும், அதன் எச்சில் மண்ணில் விழுந்திருக்கும், அந்த மண் செருப்பில் ஒட்டியிருக்கும், செருப்பிலிருந்து கைக்கும், கையிலிருந்து பிள்ளைகளின் வாய்க்கும் போயிருக்கும் என்று ஒரு சங்கிலி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பைகளை டெட்டால் போட்டுத் துடைப்பார். கணவர் கொண்டுவரும் ரூபாய் நோட்டைக்கூடக் கழுவிக் காயவைத்திருக்கிறார். "வேற வீட்டுல நாலு குடம் வாங்குற எடத்துல நாங்க இருபது குடம் வாங்குறோம் மேடம்" என்று கணவர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அலுத்துப்போயிருந்தார்.

மனநல மருத்துவரிடம் காட்டி, ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை சரியான அளவில் எடுத்துக்கொண்டிருந்தார். வேறொரு இடத்தில் பல மாதம் வாராவாரம் கவுன்சலிங்கும் போயிருந்தார். ஓ.சி.டி. என்றால் என்ன என்று என்னிடம் படிக்க வரும் மாணவர்களைவிடத் தெளிவாக அவர் விளக்கினார். ஆனால் கழுவுவது குறையவில்லை. யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. நோயின் கடுமையை நாற்பதுக்கு இத்தனை என்று அளக்கும். அவருடையது முப்பதைத் தாண்டியிருந்தது.

முதல் நாள் முழுக்க உட்கார்ந்து பேசினோம். கணவரும் மாமியாரும் கூட இருந்தார்கள். இந்த ஒரு நாளைக் குடும்பத்துக்கென்று ஒதுக்காவிட்டால் மற்ற மூன்று நாட்களும் வீண். ஏனென்றால் வீடே நோய்க்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. கடையிலிருக்கும் கணவரை மலர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை கூப்பிடுவார்: "செருப்ப வெளியதான கழட்டுனீங்க? ஒண்ணும் ஆகாதுல்ல?" அவரும் ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் ஆகாதும்மா" என்பார். அன்பினால் சொல்வது. ஆனால் அந்தப் பதிலும் ஒரு குடம் தண்ணீருக்குச் சமம். பத்து நிமிட நிம்மதி. அப்புறம் மறுபடி அதே கேள்வி. "இது ஒன் நோய் கேக்குற கேள்வி. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனா ஒங்கூட இருப்பேன்" என்று சொல்லக் கணவருக்குப் பழக்கினேன். மாமியாருக்கு வேறு பாடம். "தண்ணி என்ன சும்மாவா வருது?" என்று திட்டுவதை நிறுத்த வேண்டும். திட்டினால் பதற்றம் கூடும், கூடினால் கழுவுவதும் கூடும். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாம்பாட்டுக்குச் சும்மா இருக்கேன். அவ நல்லானாப் போதும்" என்றார்.

வெறிநாய்க்கடி நோய் எப்படிப் பரவும் என்பதை அன்று ஒரே ஒருமுறை விளக்கினேன். கடியால், கீறலால், திறந்த புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் படுவதால் பரவும். காய்ந்த செருப்பால் பரவாது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான்கு நாளும் பதில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவரை எதையும் தொடச் சொல்வதில்லை. எதை எப்போது தொடுவது என்பதை நோயாளிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தினால் அது சிகிச்சை ஆகாது.

இரண்டாம் நாள் காலை மாட்டுத்தாவணி பஸ் நிலையம். நிற்கிற பஸ்களின் நிழலில் நாய்கள் படுத்திருக்கும். அந்தத் தரையில் நான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு மலர் உட்கார்ந்தார். நான் என் செருப்பைக் கழற்றி அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டேன். அவர் தன்னுடையதைத் தொட நெடுநேரம் ஆனது. தொட்டதும் விரல்கள் விறைத்துவிட்டன; இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "நூறுக்கு மேல இருந்தா அதச் சொல்லுவேன்" என்றார். அந்தக் கையால் முகத்தைத் தொடலாமா என்றேன். தொட்டார். சேலையில் துடைத்தார். கைப்பை, கைப்பேசி, பிள்ளைகளின் போட்டோ என்று வரிசையாகத் தொட்டார்.

"ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

"தெரியாதும்மா. தெரியாமலேதான் இன்னிக்கு மத்தியானம் சாப்பிடப்போறோம்."

இந்த இடத்தில் ஆறுதல் சொல்ல நாக்குத் துடிக்கும். கண் கலங்கி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் முகம் தெளியும். அந்த வார்த்தையைச் சொல்லாமல், அதே சமயம் கூடவே இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. எனக்கு இன்றும் அது சுலபமில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில் அவர் பதற்றம் அப்படியே உச்சியில்தான் இருந்தது. வார அமர்வாக இருந்திருந்தால் அங்கே முடித்திருப்போம். ஒன்றரை மணி நேரமும் தாண்டிய பிறகு, மகளின் பள்ளி ஆண்டுவிழா நடனத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். கைகள் மடியில் இருந்தன. பதற்றம் எவ்வளவு என்று கேட்டதும் அவருக்கே ஆச்சரியம். மறந்திருந்தார். மதியம் வாழைப்பழம் வாங்கி, அதே கையால் உரித்துச் சாப்பிட்டோம். சாயங்காலம்வரை ஊரில் வேறு நான்கைந்து இடங்களுக்குப் போனோம். ஒவ்வொரு இடத்திலும் தொடுவது கொஞ்சம் விரைவானது.

அன்று இரவு விடுதியில், யாருக்கும் தெரியாமல் எழுந்து முழங்கைவரை கழுவிவிட்டார். காலையில் வந்ததும் அவரே சொன்னார். இது எதிர்பார்த்ததே. கழுவிவிட்டால் உடனே மறுபடி தொட வேண்டும். நோய்க்குக் கிடைத்த நிம்மதியை அங்கேயே செல்லாமல் ஆக்க வேண்டும். செருப்பைத் தொட்டு, முழங்கைவரை தடவிக்கொண்டார். மறுநாளே சந்திப்பதால் மட்டுமே இது முடிகிறது. ஏழு நாள் கழித்து வந்திருந்தால், ஒரு இரவுச் சறுக்கல் ஏழு இரவுகளாக வளர்ந்திருக்கும். தோற்றுவிட்டோம் என்ற எண்ணமும் கூட வளர்ந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவர் ஊருக்குப் போனோம். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் உளவியலாளர் நோயாளியின் சமையலறையைப் பார்ப்பதே இல்லை. ஓ.சி.டி. குடியிருப்பதோ அங்கேதான். திண்ணையில் குடங்கள் வரிசையாக இருந்தன: இது கைக்கு, இது பாத்திரத்துக்கு, இது துணிக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனி. வெளிச் செருப்போடு வீட்டுக்குள் நடந்தோம். பள்ளிப் பையைக் கட்டிலில் வைத்தோம். தெருமண்ணைத் தொட்ட கையால் மலர் சோறு பிசைந்தார். நாலரை மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பெரியவள் வழக்கம்போல் கொல்லைப்பக்கம் திரும்பினாள். சின்னவன் நிலைப்படியில் நின்றுகொண்டு, "அம்மா, குளிக்காம உள்ள வரலாமா?" என்று கேட்டான். மலர் முகத்தில் அத்தனை பயமும் இருந்தது. "வாடா" என்றார். அவன் வந்து மடியில் உட்கார்ந்தான். பள்ளிச் சீருடையோடு அம்மா மடியில் உட்கார்ந்து அவனுக்கு எத்தனை நாள் ஆயிற்றோ.

நான்காம் நாள் திட்டம் எழுதினோம். அவர் கையால் அவரே எழுத வேண்டும். கை கழுவுவது எப்போது, எவ்வளவு நேரம். சந்தேகம் வந்தால் என்ன செய்வது. நோய் வேறு வேடம் போட்டு வந்தால் எப்படி அடையாளம் காண்பது. அதன்பின் மூன்று வாரம் தினமும் ஒரு வரி எழுதி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து அளந்தபோது அளவு லேசான நிலைக்கு வந்திருந்தது. நோய் சுத்தமாக அழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நாயைக் கண்டால் அந்த நினைப்பு இன்னும் வருகிறது; வந்து போகிறது; அவர் வேலையைப் பார்க்கிறார். மாத்திரையை மனநல மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. இந்த நான்கு நாட்களில் மாத்திரையில் கை வைக்கவே மாட்டோம். கணவர் தன் கணக்கைக் குடத்தில் சொன்னார்: இப்போது ஐந்து.

ஓ.சி.டி. தவிர வேறு சிலவற்றுக்கும் இம்முறை பொருந்துகிறது. நாய், பல்லி, ஊசி, லிஃப்ட் என்று ஒரே பொருள் மீதான பயங்களுக்கு, மூன்று மணி நேரத்துக்கு மிகாத ஒரே அமர்வு போதும் என்று ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1989லேயே காட்டினார். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் நர்சிங் மாணவிகள் என்னிடம் வருவதுண்டு. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் மட்டும் ஏறிச் சட்டென்று இறங்கிவிடும், அதனால்தான் மயக்கம். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்து அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சியையும் ஊஸ்ட்தான் வகுத்தார். ஒரு காலைப்பொழுதில் அதைக் கற்றுக்கொண்டு படிப்பை விடாமல் தொடர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தால் அதற்குள் அவர்கள் படிப்பை நிறுத்தியிருப்பார்கள்.

விபத்து, தாக்குதல் போன்றவற்றின் அதிர்ச்சி நெஞ்சில் தங்கிவிட்டவர்களுக்கும் ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஆங்கே எலெர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இருவரின் குழு 2014ல் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஒரு வாரத்தில் நெருக்கிக் கொடுத்த சிகிச்சையில் 73 விழுக்காட்டினர் மீண்டார்கள். அதே சிகிச்சையை மூன்று மாதம் வாராவாரம் கொடுத்ததில் 77 விழுக்காட்டினர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒருவர் ஒரே வாரத்தில் தூங்கத் தொடங்குகிறார். மற்றவர் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். வேலையும் குடும்பமும் ஆட்டம் கண்டு நிற்கிற மனிதருக்கு அந்த மாதங்கள் பெரிது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. மனச்சிதைவோ பித்து நிலையோ தணியாமல் இருப்பவரிடமும், தினமும் குடிக்கிறவரிடமும் இதைத் தொடங்குவதில்லை. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். துக்கம், மணவாழ்க்கைச் சிக்கல், சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே பட்ட காயங்கள் போன்றவற்றுக்குக் காலம் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் தன் பேச்சில் குறுக்கிடாமல் ஒருவர் கேட்கிறார் என்பதே சிலருக்குத் தாங்கும் கட்டை. அதை நான் ஒருபோதும் நான்கு நாளாகச் சுருக்கமாட்டேன். என்னிடம் இன்றும் செவ்வாய்க்கிழமைக்காரர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். 'மூன்றே நாளில் மனநோய் குணம்' என்ற சுவரொட்டிகளையும் விளம்பரங்களையும் பார்க்கிறேன். குறுகிய காலம் என்ற ஒன்றைத் தவிர அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொடங்குமுன் அளந்தார்களா, முடிந்தபின் அளந்தார்களா, மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார்களா என்று கேளுங்கள். சிகிச்சை தருகிறவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சையாளருக்கும் இது எளிய வேலை இல்லை. நாள் முழுக்க ஒருவரின் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனால் பேசத் தெம்பிருக்காது. அந்த நாட்களில் வேறு யாரையும் பார்க்க முடியாது என்பதால் மாதத்துக்குச் சிலரை மட்டுமே ஏற்க முடியும். கட்டணம் மொத்தமாக வரும்போது ஏழைக் குடும்பத்துக்கு மலைப்பாக இருக்கிறது. பஸ், கூலி, மாதக்கணக்கு எல்லாம் சேர்த்துக் கூட்டினால் வார சிகிச்சையைவிடக் குறைவுதான் என்றாலும், கையில் அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமே. அதனால் இது தனியார் கிளினிக்குகளோடு நின்றுவிடக் கூடாது. 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்றது. 1996ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டம்தோறும் குழுக்கள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரண்டு படுக்கை, உறவினர் தங்க ஒரு அறை, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவ உளவியலாளர், மாதத்தில் ஒரு வாரம் இதற்கென்று ஒதுக்கீடு. நான் கேட்பது இவ்வளவுதான். நம் அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு உறவினர் வந்து தங்குவது வழக்கமாகவே இருக்கிறது. அந்த உறவினரைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

படிக்கிறவர்களில் யாராவது ஓ.சி.டி.க்காக மாதக்கணக்கில் வாராவாரம் போய்வந்தும் கழுவுவதும் சரிபார்ப்பதும் குறையாமல் இருந்தால், உங்கள் சிகிச்சையாளரிடம் நேரடியாகவே கேளுங்கள்: நாம் பேசிக்கொண்டு மட்டும் இருக்கிறோமா, அல்லது பயத்தைத் தொட்டுப் பழகுகிறோமா? தொடர்ந்து நான்கைந்து நாள் எனக்காக ஒதுக்க முடியுமா? நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.